பதினாறு பக்கம் கேட்ட நெஸ்தோரி

எங்கள் லெப்பாநீமி நடனக்கூடத்தில் காப்பி விற்பது நான்தான். இருபத்தாறு வருஷமாக விற்கிறேன். கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில் ஏரிக்கரைக்கு ஆட வருகிறவர்கள் எல்லோரும் என் ஜன்னலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யார் யாரைப் பார்த்தார்கள், யார் யாரைப் பார்க்காத மாதிரி நடித்தார்கள் என்பதெல்லாம் பாதிரியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் புருஷன் ஆர்மஸ் மேடையில் அக்கார்டியன் வாசிக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன்.

நெஸ்தோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்த் தச்சன். அப்போது முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, கடைக்குப் பின்னால் மஞ்சள் வீட்டில் தனியாக இருந்தான். எங்கள் பக்கத்தில் பொதுவாகவே பேச்சு குறைவு. அதிலும் இவன் கல்லுளிமங்கன். மரக்கடையில் போய் நின்றால் என்ன வேண்டும் என்று கடைக்காரர்தான் ஊகிக்க வேண்டும்.

ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை. அதிலும் சுற்றளவு. பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் அறுகோணமாக ஒரு சின்னப் பந்தல் உண்டு. அதைச் சுற்றிக் கைப்பிடிச் சட்டம் அடிக்கப் போனான். பாதிரியாரின் மனைவி அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரக் கிளம்பினார். இவன், “ஒரு பக்கம் போதும் அம்மா. ஆறு பக்கமும் ஒரே நீளம்தானே, ஆறால பெருக்கிட்டா ஆச்சு. எதுக்கு வீணா நடக்கறீங்க?” என்றானாம். அந்த வருஷம் அவன் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள்.

நடனக்கூடத்தின் சுவரோரம் பெஞ்சு போட்டதும் அவன்தான். பழைய கூடத்துக்குப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து மீட்டர். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னான்: “அறுபது மீட்டர். ரெண்டு கதவுக்கு நாலு போச்சு. மேடைக்கு அஞ்சு. ஹில்காவோட காப்பி ஜன்னலுக்கு மூணு. மிச்சம் நாப்பத்தெட்டு. ஆளுக்கு அரை மீட்டர்னா தொண்ணூத்தாறு பேர் உக்காரலாம்.”

கூடத்தை நடத்தும் ஊர்ச் சங்கத்தின் தலைவர் யால்மரி விடுவாரா? “அரை மீட்டரா? என் மச்சினியைப் பார்த்திருக்கியா நீ? அவ ஒருத்திக்கே ஒரு பக்கம் வேணும்டா!”

“அப்ப தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிக்கறேன்” என்றான் நெஸ்தோரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இப்போது சைமி. அவள் நகரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிற பிரிவில் வேலை. பெரிய அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் நிமிர்ந்து நிற்பது ஒரு அழகு. பெண்கள் சுவரில், என் ஜன்னலுக்கு அடுத்த மூலையில்தான் எப்போதும் நிற்பாள். எதிர்ச் சுவர் ஆண்களுக்கு. ஆண் வந்து தலை குனிந்து அழைப்பான், இரண்டு பாட்டுக்கு ஆடுவார்கள், பிறகு அவள் கையைத் தன் முழங்கையில் கோத்து அவள் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். அப்படியே நடுத்தளத்தில் விட்டுவிட்டுப் போகிறவன் காட்டான். அடுத்த ஜோடிகள் இறங்கிவிடுவார்கள் என்பதால் குறுக்கேயும் நடக்க மாட்டோம். சுவரோரமாகத்தான் போவது. ஆடும்போது பேசுவது எங்களுக்கு வழக்கமில்லை. பேசுவதானால் அந்த நடையில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, காப்பிப் பாத்திரங்களைத் தேய்க்கக் கூடத்துக்குப் போனேன். நெஸ்தோரி தனியாகச் சுவரோரம் நடந்துகொண்டிருந்தான். இடது கை முழங்கையில் மடிந்திருந்தது, யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

“ஏம்ப்பா, கூடத்துல பேய் கீய் இருக்கா? யாரைக் கூட்டிக்கிட்டுப் போறே?”

காது மடல் வரை சிவந்துவிட்டான். “அளக்கிறேன்.”

“கையை மடக்கிக்கிட்டா அளப்பாங்க? உக்காரு இங்க. காப்பி குடிக்காம உன்னை விட மாட்டேன்.”

விடவில்லை. இரண்டாவது கோப்பையில்தான் வாய் திறந்தது. சர்க்கரைக் கட்டிகளை எடுத்து மேஜைமேல் பன்னிரண்டை வட்டமாக அடுக்கினான்.

“இங்க சைமி நிக்கிறா. நேர் எதிர்ல, இங்க பாட்டு முடிஞ்சா, அவளைக் கொண்டுபோய் விட ஆறு பக்கம் நடக்கணும். முப்பது மீட்டர்.”

“அதுக்கு மேல கிடைக்காதா?”

“கிடைக்காது. பாதிக்கு மேல போனா அந்தப் பக்கம் கிட்ட ஆயிடும். கிட்டத்து வழியை விட்டுட்டுச் சுத்தி இழுத்துக்கிட்டுப் போனா அவ என்ன நினைப்பா?”

“பாட்டு அங்கதான் முடியும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உன் வீட்டுக்காரர் டாங்கோ வாசிச்சா சரியா மூணு நிமிஷம். ஒரு பாட்டுக்கு ஒண்ணே முக்கால் சுத்து. ரெண்டு பாட்டுக்கு மூணரை. அறுபதை மூணரையால பெருக்கினா இருநூத்துப் பத்து மீட்டர். நான் வைக்கிற ஒரு எட்டு அறுபது சென்டிமீட்டர். முந்நூத்தம்பது எட்டு வச்சா எதிர்ச் சுவர்.”

“கடவுளே! ஒரு பொம்பளையைக் கையில பிடிச்சுக்கிட்டு முந்நூத்தம்பது வரைக்கும் எண்ணிக்கிட்டா இருக்கே நீ?”

“ஆமா.”

“சரி, அவ்வளவு பாடுபட்டு வாங்கின முப்பது மீட்டர்ல என்ன பேசினே?”

“போன சனிக்கிழமை, மழை வரும்னு சொன்னேன்.”

“அவ?”

“ஆமான்னா.”

“அதுக்கு முந்தின சனிக்கிழமை?”

“மழை வந்ததுன்னு சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். அவன் சர்க்கரைக் கட்டி ஒன்றை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “என் வீட்டுக்கு வந்துடறீங்களான்னு கேக்கணும். ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி மேஜை செஞ்சு வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சு. தனியா அதுல சாப்பிட முடியல, நின்னுக்கிட்டே சாப்பிடறேன். இருபது மீட்டர் போனப்புறம்தான் தொண்டை சரியாகுது. அப்புறம் பத்துதான் மிச்சம். இன்னும் ஒரு பத்து மட்டும் இருந்தா சொல்லிடுவேன் ஹில்கா.”

அந்தக் கோடை அப்படியே போயிற்று. எட்டுச் சனிக்கிழமை, எட்டுத் தடவையும் அதே முப்பது மீட்டர். என் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். எதிர்ச் சுவரில் இருந்து வருவார்கள். மூன்றாவது பக்கத்தில் அவன் தொண்டையைச் செருமுவான், நாலாவதில் அவளைப் பார்ப்பான், ஐந்தாவதில் வாய் திறக்கும், ஆறாவதில் அவள் இடம் வந்துவிடும். தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போவான். சைமியும் ஒவ்வொரு வாரமும் மெதுவாகத்தான் நடந்தாள். செருப்பு கடிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். நானும் ஒரு மண்டு.

அந்தக் குளிர்காலத்தில் பனி ஏறி ஏறிக் கூடத்தின் கூரை உட்கார்ந்துவிட்டது. மார்ச் மாதம் சங்கக் கூட்டம். ஊரே சேர்ந்து புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. யால்மரி, “பழைய மாதிரியே பன்னிரண்டு” என்று எழுதப் போனார். அப்போது பின்வரிசையில் நெஸ்தோரி எழுந்தான். அவன் கூட்டத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. பெஞ்சு உடைந்துவிட்டதோ என்று எல்லோரும் திரும்பினார்கள்.

“பதினாறு பக்கம் வைக்கணும். பக்கத்துக்கு அஞ்சு மீட்டர்.”

“எதுக்கு?”

“எண்பது மீட்டர் வரும். இன்னும் நாப்பது பேர் உக்காரலாம்.”

“இருக்கிற பெஞ்சுலயே பொண்ணுங்க உக்கார மாட்டேங்கறாங்க, பாவாடை கசங்குதுன்னு!”

நெஸ்தோரி விடவில்லை. மூலை விரிந்திருந்தால் ஜோடிகள் முட்டிக்கொள்ளாது என்றான். பக்கத்து ஊர்க் கூடத்துக்குப் பதினாலுதான் என்றான். அது யால்மரியைச் சுட்டது. பாதிச் சுற்று நடையில் கூடுகிற பத்து மீட்டருக்காக ஒரு மனுஷன் ஊரையே எதிர்த்து நிற்கிறான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்றைத்தான் எண்ணுவோம் என்றார் யால்மரி. தீர்மானம் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தேறியது.

ஆனால் பாருங்கள், கூடம் நிற்பது ஒரு பாறை முனை. மூன்று புறம் ஏரி. நாலாவது புறம் பக்கத்து நிலத்துக்காரரின் உருளைக்கிழங்கு வயல். ஒரு முழம்கூடத் தர முடியாது என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். பாறையில் பழைய தூண்கள் நின்ற அதே வட்டத்தில்தான் புதியதும் எழும்ப வேண்டும். யால்மரி தாராளமாகச் சொன்னார்: “அதனால என்ன? தீர்மானம் போட்டாச்சு. பதினாறு பக்கம்தான். நெஸ்தோரி ஆசைப்பட்டான், வச்சுக்கட்டும்.”

நெஸ்தோரி காப்பிப் பொட்டலத்தின் காகிதத்தில் கணக்குப் போட்டான். எனக்கும் காட்டினான். வட்டம் அதே வட்டமாக இருந்தால் பக்கம் கூடக் கூட ஒவ்வொரு பக்கமும் குறுகிவிடுகிறது. ஐந்து மீட்டர் போய் மூன்று மீட்டர் எழுபத்தேழு சென்டிமீட்டர். அதைப் பதினாறால் பெருக்கினால் அறுபது மீட்டர் முப்பத்திரண்டு.

“அப்ப பாதி?”

“முப்பது மீட்டர் பதினாறு சென்டிமீட்டர்.”

“ஒரு சாண்கூட இல்லையே!”

“ரொட்டியைப் பன்னிரண்டா வெட்டினாலும் பதினாறா வெட்டினாலும் ஓரம் அதேதான்” என்றான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் ஆறவில்லை. ஊரை ஜெயித்து என்ன பயன், பாறை ஜெயித்துவிட்டது.

மே மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் வந்து மரம் தூக்கினோம். ஒரு ஞாயிறு சைமியும் பஸ் பிடித்து வந்தாள். என்னோடு சேர்ந்து சூப்புக்குக் காரட் நறுக்கினாள்.

“ஸ்வீடனுக்குப் போறேன் ஹில்கா” என்றாள். “போரோஸ்ல எங்க அண்ணன் நூல் ஆலையில இருக்கான். எனக்கும் அங்க வேலை சொல்லிட்டான். ஜூன் கடைசியில கப்பல்.”

“போய்த்தான் ஆகணுமா?”

கத்தியைக் கீழே வைத்தாள். கூரைமேல் முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்த நெஸ்தோரியை நிமிர்ந்து பார்த்தாள். “இருன்னு சொல்ல இங்க யாரு இருக்கா?” என்றாள். அவள் குரல் கம்மிவிட்டது. வெங்காயம்கூட நறுக்கவில்லை நாங்கள்.

அவள் பஸ் போனதும் ஏணிக்கு அடியில் போய் நின்று கத்தினேன். “டேய் மனுஷா, அவ போறா! நடுக்கோடை நாள் ஆட்டம்தான் கடைசி! அன்னிக்குச் சொல்லல, அப்புறம் காலத்துக்கும் நின்னுக்கிட்டே சாப்பிடு!”

சுத்தியல் சத்தம் நின்றது. “சொல்லிடறேன்” என்றான் மேலே இருந்து.

நடுக்கோடை நாள் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கும் ஏரிமேல் வெயில். கரையில் தீ மூட்ட விறகு அடுக்கியிருந்தார்கள். புதுக் கூடத்தில் பிசின் வாசனை. இருநூறு பேர் இருப்பார்கள். நெஸ்தோரி வெள்ளைச் சட்டையில், தலையைத் தண்ணீரால் படிய வாரி, நேராக அவளிடம் போய்த் தலை குனிந்தான். இரண்டு பாட்டு. எண்ணி எண்ணி ஆடி எதிர்ச் சுவரில் சரியாக முடித்தான். நடந்து வந்தார்கள். ஏழாவது பக்கத்தில் வாய் திறந்தது. அதே நேரம் ஆர்மஸ் அடுத்த பாட்டை இழுத்துவிட்டார், ஜோடிகள் தடதடவென்று இறங்கின. அவள் இடம் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் டோனட் தட்டைக் கீழே போட்டிருப்பேன்.

அடுத்த மணி பெண்கள் அழைக்கும் நேரம். அப்போது முறை மாறும். பெண்தான் எதிர்ச் சுவருக்குப் போய் அழைப்பாள், பெண்தான் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். சைமி என்னிடம் காப்பி வாங்கினாள், குடிக்காமல் வைத்துவிட்டு நேராக எதிர்ச் சுவருக்கு நடந்தாள். நெஸ்தோரி முன்னால் நின்று தலை குனிந்தாள்.

இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது நான் காப்பியை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்.

“ஆர்மஸ், இது முடிஞ்சதும் வாசிக்காதே. அவங்க ரெண்டு பேரும் நடந்து முடிக்கிற வரைக்கும் அக்கார்டியன் பெட்டியைத் தொடாதே.”

“ஜனங்க காத்துக்கிட்டு நிப்பாங்களேடி.”

“நிக்கட்டும். தொட்டே, ஒரு மாசத்துக்கு வீட்டுல காப்பி கிடையாது.”

நான் ஜன்னலுக்குத் திரும்பியதும் பாட்டு முடிந்தது. நெஸ்தோரி அன்று எண்ணவில்லை போலிருக்கிறது. அவன் இடத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் தள்ளித்தான் நின்றார்கள். ஆறு எட்டு வைத்தால் அவன் சுவர். சைமி அவன் கையைப் பிடித்தாள். பிடித்து, எதிர்த் திசையில் திரும்பினாள்.

ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் பதினைந்து பக்கம் நடக்கப் போகிறாள். ஐம்பத்தாறு மீட்டருக்கு மேல்! எந்தப் பெண்ணும் எந்த ஆணுக்கும் எங்கள் கூடத்தில் அப்படிச் செய்ததில்லை.

ஆர்மஸ் சொன்ன சொல் காப்பாற்றினார். பெட்டியைத் தொடவில்லை. முதலில் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பாட்டு ஏன் வரவில்லை என்று மேடையைப் பார்த்தார்கள். மேடையில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நடந்துகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேச்சு அடங்கியது. கொசு பறக்கிற சத்தம் கேட்டது. புதுப் பலகையில் அவன் பூட்ஸ் சத்தமும் அவள் செருப்புச் சத்தமும் மட்டும். இருநூறு பேர் கண்ணும் அவர்கள் முதுகில்.

பெண்கள் சுவரைத் தாண்டினார்கள். என் ஜன்னலைத் தாண்டினார்கள். அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன், மூடியதைப் பார்த்தேன். சொல்லுடா, சொல்லுடா என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில் சைமியும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள், ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி. யாரோ இருமினார்கள். அவள் முன்னால் பார்த்துக்கொண்டாள். மேடையைத் தாண்டினார்கள். ஆண்கள் சுவர் வந்தது. அவள் கையை எடுத்தாள். இருவரும் தலை குனிந்தார்கள்.

ஆறாம் நாள் கப்பல் ஏறினாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். அவன்மேல் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வருஷம் அவனோடு சரியாகப் பேசவில்லை. பெண் அவ்வளவு தூரம் இறங்கி வந்தாள், பாட்டுகூடக் குறுக்கே வரவில்லை, இன்னும் என்னதான் வேண்டும் இவனுக்கு என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஜூலையில் சைமி லீவுக்கு வந்தாள். ஸ்வீடன்காரப் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள். நல்ல மனுஷன், சிரித்த முகம். பிள்ளைகளுக்கு டோனட் வாங்கிக் கொடுத்து ஏரிக்கு அனுப்பிவிட்டு என் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். நெஸ்தோரி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். இருக்கிறான், தனியாகத்தான் என்றேன்.

“அன்னிக்கு அவர் சொல்ல மாட்டார்னு எனக்குத் தெரியும்” என்றாள். “நானே கேக்கறதாத்தான் இருந்தேன். அதுக்குத்தான் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போனேன். பாட்டு ஆரம்பிச்சு எல்லாரும் ஆடப் போயிடுவாங்க, அந்தச் சத்தத்துல கேட்டுடலாம்னு இருந்தேன். பாட்டே வரல. அவ்வளவு பேர் பார்க்கறப்ப எப்படிக் கேக்கறது ஹில்கா? ஏன்தான் அன்னிக்கு வாசிக்காம இருந்தாங்களோ.”

நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரே கரண்டியை.

அந்த இலையுதிர் காலத்தில் என் ஜன்னல் பலகை உப்பிவிட்டது என்று நெஸ்தோரி சரிசெய்ய வந்தான். நெற்றியில் நரை. வேலை முடிந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்து குடித்தான். கோப்பை பாதியானபோது சொன்னான்:

“அன்னிக்குப் பாட்டை நிறுத்தச் சொன்னது நீதானாமே. ஆர்மஸ் இப்பத்தான் சொன்னார். எனக்காக யாரும் அவ்வளவு செஞ்சதில்ல ஹில்கா. நீ அம்பத்தாறு மீட்டரும் குடுத்தே. நான்தான் வீணாக்கிட்டேன்.”

சைமி சொன்னது என் தொண்டை வரை வந்தது. அவன் கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பினேன்.

“சூடா இருக்கு,” என்றேன், “பார்த்துக் குடி.”